தோளுக்குப் போன கால்

ஜனவரி 18

மதிப்பிற்குரிய குடும்பத்தாருக்கு,

வணக்கம். உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமலேயே எழுதுகிறேன். பெயரும் ஊரும் எழுதக் கூடாது என்று எலும்பு வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் படித்துப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்.

நான் ஹேண்ட்பால் ஆடுகிறவள். வயது இருபத்திமூன்று. ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தபோது வலது தோள் கழன்றது. அதன் பிறகு போர்வையை இழுத்தாலும் கழலும், தலைவாரக் கையைத் தூக்கினாலும் கழலும். முதலில் சிறு துளைகள் போட்டு, கிழிந்துபோன ஓரச் சவ்வை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். ஒரு சீசன் தாங்கியது. அப்புறம் பழைய கதைதான்.

டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார்: "தோள்ங்கிறது சின்னத் தட்டுல பெரிய பந்து உக்காந்திருக்கிற மாதிரி. உனக்குத் தட்டோட முன் ஓரமே தேஞ்சு போச்சு. ஓரம் இல்லாத தட்டுல எவ்வளவு தச்சாலும் பந்து உருளத்தாம்மா செய்யும்."

தோளின் முன்பக்கத்தில் இருக்கிற சின்ன எலும்பொன்றை அதன் தசைநாரோடு வெட்டி நகர்த்தி வைக்கலாம், ஆனால் எனக்கு அதையும் மீறித் தேய்ந்துவிட்டது என்றார். இடுப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம், ஆனால் எடுத்த இடம் நெடுநாள் வலிக்கும், வளைவும் சரியாகப் பொருந்தாது. கடைசி வழி, இறந்துபோன ஒருவர் கொடுத்த எலும்பு. கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கிற பகுதி தோள்தட்டின் வளைவோடு அப்படியே ஒத்துப்போகுமாம்.

அதைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறது. ஏழு மாதமாகிறது. நேற்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவைப் பயப்படாமல் எடுத்தேன். எடுத்தவுடன் உங்கள் நினைவுதான் வந்தது. உங்கள் வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் உங்களுக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
அந்த எலும்பைப் பெற்றவள்


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் தோள் சுகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாகப் போனால் நீ நேராக்கிப் படித்துக்கொள்.

எனக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரி போடுவேன். அங்கே நின்றுகொண்டுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். கண்ணீரா நீராவியா தெரியவில்லை, தாள் நமுத்துப்போனது. சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, லெட்டருக்கும் இஸ்திரியா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். டவுன் பஸ் டிரைவர். போன வருஷம் டிப்போவில் வண்டியை எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு எலும்பு கொடுக்க முடியுமா என்று கேட்டாள். நான் பெரிய மனசு பண்ணியெல்லாம் சொல்லவில்லை தங்கச்சி. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாளே, இல்லை என்று எப்படிச் சொல்வது என்றுதான் சரி என்றேன். என் மாமியார் என்னோடுதான் இருக்கிறார். "எம்புள்ளைய முழுசா அனுப்ப விடலியே நீ" என்று அன்றைக்குச் சொன்னவர், அதற்குப் பிறகு உப்பு இருக்கா, கதவைச் சாத்தினியா என்பதற்கு மேல் என்னிடம் பேசுவதில்லை.

அவருடைய கால் உன் தோளில் இருக்கிறது என்று படித்ததும், "என்னங்க, கடைசியில ஒரு பொண்ணு தோள் மேலயே ஏறிட்டீங்களா" என்று அவர் படத்தைப் பார்த்துக் கேட்டேன். பந்து தெருவில் உருண்டு வந்தாலே ஒதுங்கிப் போகிற மனுஷர் அவர். ஆனால் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிற கிழவிக்குக்கூடத் தெரியாது. வண்டி நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கச்சி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தோளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அந்தக் கையால் பந்து எறியாதே. யாரும் பிடித்து இழுக்கிற இடத்துக்குப் போகாதே. அவரில் மிச்சம் இருப்பது எங்கே என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நீ அதை வைத்திருக்கிறாய் என்ற நினைப்பிலேயே நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் நன்றிக்கு என் நன்றி.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அண்ணனைப் பற்றித் தெரிந்துகொண்டதில் மனசு நிறைந்துவிட்டது.

நீங்கள் கேட்டபடியே செய்கிறேன். இனி எறிந்து பழகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் கோச்சிடம் போய் ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். "தோள் கழண்டுக்கிட்டிருந்தப்போ ஆடணும் ஆடணும்னு உயிரை எடுத்த. இப்ப நல்லாயிடுச்சு, ஆடமாட்டேங்கிற. உனக்குத் தோள்ல கோளாறா, தலையிலயா?" என்றார். "இது என் கை மட்டும் இல்ல மேடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

டீமை விட்டுப் போகவில்லை. பந்துகளுக்குக் காற்றடிக்கிறேன். தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைக்கிறேன். எல்லாம் இடது கையால்தான். இப்போது சாப்பிடுவதைத் தவிர மற்ற வேலைகள் எல்லாமே இடது கைக்குப் பழகிவிட்டன. அண்ணன் பத்திரமாக இருக்கிறார். கவலைப்படாதீர்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 11

என் அருமைத் தங்கச்சிக்கு,

அக்காவின் அன்பு. உன் கடிதத்தில் ஒரு வரியைக் கறுப்பு மையால் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். உன் டீம் பெயராக இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி எல்லாம் நன்றாகப் படிக்க முடிந்தது. படித்தவுடன் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொன்னதை உலகத்தில் ஒரு ஜீவன் கேட்டுவிட்டதே என்று.

அந்தச் சந்தோஷத்தில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "என்ன அது, திரும்பப் படி" என்றார். அவரே என்னிடம் கேட்டது எனக்கு ஆச்சரியம். முதலிலிருந்து படித்துக் காட்டினேன். இடது கை என்று வந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு எதுக்குக் கத்தியில அறுபட்டுச்சு?"

"தோள் கழலாம இருக்கத்தான் அத்தை."

"கழலாம இருந்து?"

"ஆடத்தான்."

"அப்ப நீ என்ன பண்ணியிருக்க? எம்புள்ள உயிரோட இருந்தப்பவே, லீவு போடுங்க, வீட்ல உக்காருங்கன்னு காலைச் சுத்திக் கட்டிப்போடப் பாத்தவதானே நீ. அவன் கேட்டானா? இப்ப அவன் காலு இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கு. அங்கயும் போய்க் கட்டிப்போடுறியாக்கும்."

"நீங்கதானே முழுசா அனுப்பலன்னு அழுதீங்க?"

"அழுதேன். பெத்தவ அழமாட்டாளா? குடுத்தாச்சுல்ல. குடுத்தத அப்பப்போ போய்த் தொட்டுப் பாக்கிறவ குடுத்தவளாடி?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் வீட்டுக்காரர் போன பிறகு அத்தை என்னோடு இத்தனை பேச்சுப் பேசியது அன்றைக்குத்தான். கீரை அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அப்புறம் அவரே எழுந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.

தங்கச்சி, நான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். போய் எறி. உன் கோச்சம்மாவிடம் ஒரு பைத்தியக்கார அக்கா சொன்னதைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல். வலது கையாலேயே தண்ணீர் பாட்டிலையும் தூக்கு.

உன் அக்கா
(பக்கத்திலிருந்து அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொல்கிறார்)


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

முதலில் நல்ல செய்தி. ஆடிவிட்டேன்.

கோச் உடனே விடவில்லை. சுவரில் எறி, உட்கார்ந்து எறி, ஓடிவந்து எறி என்று மூன்று மாதம் உயிரை வாங்கினார். போன ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய ஆட்டத்தில் இறக்கினார். இரண்டாம் பாதியில் குதித்து எறியப் போனபோது ஒருத்தி என் கையைப் பிடித்துவிட்டாள். அக்கா, நான் பயந்தேன். முதலில் கழன்றதும் இதே மாதிரிதான். கீழே விழுந்தேன். வலது தோள் தரையில் மோதியது. கண்ணை மூடிக்கொண்டு, தோள் கழலும்போது கேட்கிற அந்தச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோச் ஓடிவந்து, "இருக்கா?" என்றார். "இருக்கு மேடம்" என்றேன். அடுத்த வீச்சில் கோல் போட்டேன். தோற்றுத்தான் போனோம். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றுவதாகிவிடும்.

இந்த முறை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், வைத்த எலும்பு அப்படியே இருந்துவிடாதாம். என் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் என் எலும்பையே வளர்த்துக்கொள்ளுமாம். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். ஓரத்தில் இப்போதே ஆரம்பித்துவிட்டதாம். அவர் இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னதை என் உடம்பே எனக்குத் தெரியாமல் செலவழித்துக்கொண்டிருக்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை


ஜூலை 14

என் தங்கத்துக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ விழுந்த இடத்தைப் படிக்கும்போது அத்தை என் தொடையைக் கிள்ளிவிட்டார். கன்றிப்போயிருக்கிறது. கோல் போட்டாய் என்றதும், "தோத்தா என்ன, நம்மாளு போட்டுட்டாளே" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார். அதனால் அந்த இன்னொரு செய்தியை நான் தனியாகத்தான் படித்தேன். நல்லதாகப் போயிற்று.

பொய் சொல்லமாட்டேன். படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அவர் படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போய் விரிப்புகளை மடித்துக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே அவர் ஒரே அடியாகப் போய்விட்டார், தங்கச்சி. காலையில் செருப்பு மாட்டினார், வரேன் என்றார், முடிந்துவிட்டது. போய்வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை. அடுப்பில் கவனமாக இருந்தேன். உன்னிடம் அப்படி இல்லை. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, உனக்கு வலிக்காமல், நீ நிற்கப் பழகப் பழகத் தன் இடத்தை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார். வருஷக்கணக்கில் ஆகும் என்றாயே, அது எனக்குப் போதும். வழியனுப்ப எனக்குக் கிடைக்காத நேரம் அது. அதைக் கொடுத்தது உன் உடம்பு. அது செலவழிக்கவில்லை. அதற்கு நீ மன்னிப்புக் கேட்கிறாயே, அசடு.

நீ முதல் கடிதத்தில் சொன்ன நன்றியை நான் இப்போதுதான் முழுசாக வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு என்னுடையதை நீ வாங்கிக்கொள்.

அடிக்கடி ஆடு. ஆடியதை எழுது. ஜெயித்தாலும் எழுது, தோற்றாலும் எழுது, உன் கோச்சம்மா திட்டியதை விட்டுவிடாமல் எழுது. அத்தைக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் எழுதாதே. என்றைக்காவது டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "இனி இது முழுக்க உன்னோடதும்மா" என்று சொல்வார். அந்த நாளை மட்டும் எனக்குச் சொல்லாதே. எனக்குத் தெரியாமலே நடக்கட்டும்.

உன் அக்கா