பெனிஷ் அலையில் நின்றேன்

என் அன்புக் கணவனுக்கு,

நின்றுவிட்டேன்! போர்ச்சுகலின் இந்தப் பெனிஷ் கடலில், பலகைமேல், இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டேன்! விரலெல்லாம் இன்னும் உப்பு. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

கோட்டையும் கலங்கரை விளக்கமும் பார்க்கலாம் என்றுதான் உன் தங்கை ஒட்டீலியா கூட்டிவந்தாள். பார்த்து முடித்ததும், என்னைக் கேட்காமலே அலைச்சறுக்குப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

உடை மாற்றும் அறையில் துண்டால் மார்பை மூடிக்கொண்டு ஒடுங்கி நின்றேன். மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல், இடது மார்பை எடுத்த அந்தத் தழும்பை உனக்குக்கூடக் காட்டாதவள் ஆயிற்றே. ரப்பர் உடையை மாட்டிவிட வந்த பயிற்சியாளர் ஸுல்மீரா துண்டு நழுவியபோது பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இடப்பக்கம் பாரம் கம்மியா இருக்குக்கா. வலப்பக்கமா சாஞ்சிராதீங்க, கவுந்துருவீங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள்.

விழுந்தேன், விழுந்துகொண்டே இருந்தேன். கரையிலிருந்து ஒட்டீலியா, "அண்ணி, எந்திரிங்க! அங்க அடுப்புல மத்தி மீன் கருகுது!" என்று கத்தினாள். அப்போதுதான் ஒரு சின்ன அலை என்னைத் தூக்கியது. எழுந்தேன். கரைவரைக்கும் நின்றபடியே வந்தேன்! பிறகு சுட்ட மத்தியைக் கையெல்லாம் எண்ணெய் வழியத் தின்றேன்.

சனிக்கிழமை நீ கட்டாயம் வா. விடுதியில் தனித்தனிக் கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி விளக்கை அணைக்கவும் சொல்லமாட்டேன்.

தலை இன்னும் காயாத
உன் மனைவி