நீ போட்ட மெயில் எங்கே, சேகரு?

சேகரு, என் கண்ணே,

நான் சொல்லச் சொல்ல உன் பொண்டாட்டி வசந்தி எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து வராதே. நடுவில் அவள் மூக்கை உறிஞ்சினால் நானும் நிறுத்திவிடுகிறேன். அதனால் மெதுவாகத்தான் போகும், கோவிச்சுக்காதே.

நீ கண்ணை மூடின பிறகு, செங்கம் ரோட்டில் உன் பிரவுசிங் சென்டரை உன் கூட்டாளி பாபு பார்த்துக்கொள்கிறான். வெள்ளைக்காரர்கள் வருவது கம்மியாகவில்லை. போன வாரம் ஒரு அம்மா, ஊரில் தன் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று மெயில் பார்த்து அங்கேயே அழுதாளாம். பாபு டீ வாங்கிக் கொடுத்தானாம். நாய் பிழைத்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. நீ லினக்ஸ் போட்டு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பாபு வேறொன்று வாங்கி, அதிலும் லினக்ஸே போட்டு, உன் மெயிலையெல்லாம் அதற்கு மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னான். வசந்தி கேட்டது ஒன்றுதான். பாப்பா வளர்ந்து படிக்க அவள் அப்பா எழுதினது வேண்டும். உன் குரல் ஒரு கேசட்டில்கூட இல்லையே. பாப்பாவுக்கு உன் முகமாவது நினைவிருக்குமா?

பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள், மலையை வலப்பக்கம் வைத்து ஆட்டோவில் அடி அண்ணாமலைக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினான் பாபு.

"ஒண்ணு விடாம வந்துடுச்சு அண்ணி, பாருங்க."

வசந்தி வெகுநேரம் பார்த்தாள். "இதெல்லாம் அவருக்கு வந்தது பாபு. அவரு போட்டது எங்க?"

பாபு முகம் வெளுத்துப்போனது. வந்ததெல்லாம் ஓரிடத்தில், நீ போட்டதெல்லாம் வேறிடத்தில் இருந்திருக்கிறது. மெயில் என்றால் வந்ததுதானே என்று அதை மட்டும் எடுத்திருக்கிறான். பழையதை இரும்புக்கடைக்குப் போடுமுன் டிஸ்கைச் சுத்தமாக அழித்தும் விட்டான்.

"எதுக்குடா அழிச்ச?" என்று நான் கேட்டேன்.

"அண்ணன் எழுதுனத எவனாவது படிச்சிடப் போறான்னுதான்க்கா."

உன் மானத்தைக் காப்பாற்றப் போனவனை என்னவென்று திட்டுவது? அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வசந்தி என்னைக் கூப்பிட்டாள். உன்னோடு படித்த கீழ்பென்னாத்தூர் ராஜா, துபாயில் இருக்கிறானே, அவன் உனக்கு எழுதிய பதில்களில் உன் வரிகளும் இருந்தன. உன் வரியை மேலே வைத்து, அதன் கீழே பதில் போடுவது அவன் பழக்கம். உன் வரிக்கெல்லாம் முன்னால் அம்புக்குறி போல ஒன்று. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத்தான் அடித்திருக்கிறாய். வசந்தி வாய்விட்டுப் படித்தாள்.

"பாப்பாவுக்கு பல்லு வந்துடுச்சு. என் விரலக் கடிக்குது. காது குத்தறதுக்கு அக்கா இப்பவே சண்ட போடுது."

நான் எப்போதடா சண்டை போட்டேன்? கேட்டுக்கொண்டே அழுதேன்.

ஆனால் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவான் போல அந்த ராஜா. ஒன்றில், "இன்னிக்கு அக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா" என்பதோடு உன் பேச்சு நிற்கிறது. கீழே அவன், "சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுடா" என்று எழுதியிருக்கிறான்.

அப்படி என்னடா செய்தேன் அன்றைக்கு? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. பாபு ராஜாவுக்கு எழுதிக் கேட்டான். வேலை மாறியபோது பழைய மெயிலெல்லாம் போய்விட்டதாம். எதற்குச் சிரித்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லையாம்.

மற்றவர்களுக்கெல்லாம் பாபு எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். நீ போட்டது யாரிடமாவது இருந்தால் வரட்டும். வராவிட்டாலும், அந்த அரைகுறை வரியைப் பாப்பா படிக்கிற நாளில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அத்தை என்ன செய்தாள் என்று கேட்பாள் அல்லவா? நீயே சொல்வது போல ஏதாவது கட்டிச் சொல்லி, அவளைச் சிரிக்கவைக்காமல் எழுந்திருக்கமாட்டேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா முனியம்மா