சந்தகைக் கிறிஸ்துமஸ்

1936 டிசம்பர் 21, திங்கள்

பனி. பாலக்காட்டுக் காற்று. துணி காயவில்லை.

அண்ணனிடமிருந்து கார்டு. வெள்ளிக்கிழமை தேங்காய் வண்டியுடன் டவுனுக்கு வருகிறாராம். மத்தியானம் எட்டிப் பார்ப்பாராம். "பழனிக் காவடிக்கு விரதம். ஒருபொழுதுதான் சாப்பாடு. ஆகையால் ஏற்பாடு ஒன்றும் வேண்டாம்."

வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ். தெரியாமலா எழுதியிருப்பார்?

நான் கிறிஸ்து வேதக்காரரைக் கட்டிக்கொண்டு தொண்டாமுத்தூரை விட்டு வந்து ஆறு வருஷம். அண்ணன் இங்கே வந்தது இரண்டே தடவை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதல் தடவை வயிறு சரியில்லை. அடுத்த தடவை இப்போதுதான் சாப்பிட்டாராம். இப்போது விரதம். எங்கள் ஜனங்களுக்கு முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல வராது. மரியாதையாக ஒரு காரணம் வைத்திருப்பார்கள். எரிச்சலாக இருக்கிறது. அழுகையும் வருகிறது.

அண்ணன் இங்கே கை நனைத்தால்தான் அம்மா வருவாள். பாப்பாவுக்கு மூன்று வயது ஆகிறது, அம்மா இன்னும் பார்க்கவில்லை.

ஒருபொழுது என்றால் அந்த ஒருபொழுது என் வீட்டில்தான். முடிவு செய்துவிட்டேன்.

22, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இன்று முதல் வீட்டுக்குள் கறி கிடையாது, முட்டைகூடக் கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் சேர்த்துத்தான்.

"பிரியாணி இல்லீன்னா தேவசகாயம் என் காதையே அறுத்துப்போடுவான் புள்ளே."

தேவசகாயம் இவருடன் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். வருஷா வருஷம் பெண்சாதி ஞானம்மாளுடன் எங்கள் வீட்டில்தான் விருந்து. மூன்று தட்டுக்குக் குறைந்து எழுந்ததில்லை.

"அறுக்கட்டுங்க. நான் ஆறு வருசம் பொறுத்துப்போட்டேன், அவரு ஒரு நாளு பொறுக்கட்டும்."

சிரித்தார். சரி என்று அர்த்தம்.

24, வியாழன்

வாங்கியது: புதுச் சட்டி நான்கு, புது அகப்பை, கருப்பட்டி, ஏலக்காய், கடலைப்பருப்பு, கொள்ளு, வாழையிலை. ஆட்டுக்கல்லை மூன்று தடவை கழுவினேன். கை தோலுரிந்துவிட்டது.

சந்தகை பிழிகிற மரம் பக்கத்து வீட்டு ராமாத்தா அக்காவிடம் இரவல். "எங்கூட்டு மரத்துல கறி வாசமே பட்டதில்லீங்க அம்மணி. உங்கண்ணன் கேட்டா எம்பேரச் சொல்லுங்க." சொல்லத்தான் போகிறேன்.

ஒப்பிட்டுப் போளிக்குப் பூரணம் அரைத்தாயிற்று. பாப்பா இரண்டு உருண்டை திருடிவிட்டாள். அரிசி ஊறுகிறது.

25, வெள்ளி

விடியற்காலை ஆராதனை. பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை, மனசெல்லாம் மாவில். வந்ததும் குளித்து, அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்தோம். அவர்தான் மரத்தை அமுக்கினார், வியர்த்துக் கொட்டியது. சந்தகை இடியாப்பம் போல நூல் நூலாக, பஞ்சு மாதிரி விழுந்தது. கொள்ளுப் பருப்பு மணம் தெருக்கோடி வரைக்கும். ஒப்பிட்டு நாற்பது, ஒன்றுகூடக் கிழியவில்லை.

பதினொன்றரைக்குத் தேவசகாயமும் ஞானம்மாளும் வந்தார்கள். ஞானம்மாள் கையில் ஒரு தூக்குப்போசி நிறைய ஆட்டுக்கறி. கறி இல்லாத கிறிஸ்துமஸா என்று பரிதாபப்பட்டாளாம். நான் பாயை விரித்துவிட்டு உள்ளே வருவதற்குள், கறியை என் புது அகப்பையால் கிளறி, அதே அகப்பையால் சந்தகைக்கு வைத்திருந்த தேங்காய்ப்பாலையும் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியில தங்கீரக் கூடாதுன்னு கலக்கி உட்டனுங்க அக்கா."

நல்லவள். அடிக்கவா முடியும்?

திரும்பினால் அண்ணன் வாசற்படியில். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இதைவிட நல்ல காரணம் அவருக்கு இனிக் கிடைக்காது.

நானே சொல்லிவிட்டேன். "அண்ணா, பாலுல கறிக் கரண்டி பட்டுருச்சுங்க. மத்ததுல படலீங்க. எல்லாமே புதுச் சட்டி. கால் மணி நேரம் உக்காந்தீங்கன்னா மறுக்கா பால் புழிஞ்சு தாரேனுங்க."

திரும்பி வெளியே போனார். வண்டிமாட்டின் மணிச் சத்தம் கேட்டது. போய்விட்டார் என்று நினைத்தேன்.

இல்லை. கையில் நான்கு தேங்காயுடன் உள்ளே வந்தார்.

"துருவி எங்க அம்மணி?"

"நீங்க எதுக்குங்க அண்ணா..."

"ஒருபொழுதுக்காரன் இன்னேரம் வரைக்கும் பட்டினி. நீ ஒருத்தியே துருவுனா எப்பச் சாப்படறது?"

என் சமையலறையில், தரையில் உட்கார்ந்து துருவினார். அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து பால் பிழிந்தார். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அடுத்த மூடியை எடுத்துத் துருவ ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லாம உட்டிருந்தாலும் தின்னுபோட்டுத்தான் போயிருப்பேன் கண்ணு" என்றார். பொய். கரண்டியைப் பார்த்தவர்தானே. இருந்தாலும் எனக்குப் பிடித்த பொய்.

சாப்பிட்டது: சந்தகை மூன்று தடவை. ஒப்பிட்டு ஐந்து. கொள்ளுப் பருப்புக்கு மட்டும் தனியாகச் சோறு கேட்டார். எண்ணினேன், தங்கச்சி கண் படாது. பாப்பாவை மடியில் வைத்து ஒப்பிட்டு பிய்த்து ஊட்டினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. புகை என்றேன். யாரும் நம்பவில்லை.

தேவசகாயம் சந்தகையை நான்கு தடவை வாங்கினார். பிறகு புழக்கடையில் உட்கார்ந்து அந்தத் தூக்குப்போசியையும் ஒற்றை ஆளாகக் காலி செய்தார். "அடுத்த வருசமும் இதே பண்ணிப்போடுங்க தங்கச்சி. கறியும் கொண்டாரேன்."

நான் ஜெயித்துவிட்டேன். இடுப்பு ஒடிகிறது. ஜெயித்துவிட்டேன்.

26, சனி

காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி. அம்மா.

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தண்ணீர் கேட்டாள். எங்கள் குடத்துத் தண்ணீர், ஒரு சொம்பு, நின்றபடியே குடித்தாள். ஆறு வருஷத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அடுப்படிக்குள் வந்து மூடியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"எனக்கெங்க சந்தகை? அத்தனையும் அவனே தின்னுபோட்டானா?"

அரிசி ஊறப் போட்டிருக்கிறேன். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிறது, அவளேதான். போகிறேன்.