நகச்சுத்தி இல்லையாம்

மூலக்குளம்,
2-9-2006

அபி அப்பாவுக்கு மேனகா எழுதுவது. நானும் அபியும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம். பாரிஸில் குளிர் தொடங்கும் முன் கம்பளிச் சட்டை வாங்கிவிடுங்கள். வாங்கிவிட்டேன் என்று போனில் புளுக வேண்டாம்.

நானும் போனில் ஒன்று புளுகினேன். வலது கட்டைவிரலில் நகச்சுத்தி என்று போன வாரமும் சொன்னேனே, அப்போதே எனக்கு விஷயம் தெரியும்.

முதலில் எல்லோரும் நகச்சுத்தி என்றுதான் நினைத்தோம். பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்கா தினமும் ஓர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து, மஞ்சள் வைத்து விரலில் மாட்டிவிட்டார். அபி அதில் கண்ணும் மூக்கும் வரைந்தாள். அதோடுதான் மேட்டுப்பாளையம் கம்பெனிக்கும் போய்வந்தேன். மூன்று வாரமாகியும் வீக்கம் வடியவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்து, சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பெருங்குடலில் வெட்டி எடுத்தார்களே, அதே புற்றுதானாம். "கொடல்ல இருந்தது வெரலுக்கு எப்படிங்க வரும்?" என்று கேட்டேன். ரத்தத்தோடு போகுமாம், விரலுக்கு வருவது ரொம்ப அபூர்வமாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் வரிசையாக வந்து என் விரலைப் பார்த்தார்கள். நீங்கள் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் இல்லை. நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றனவாம்.

வலி மாத்திரை போட்டால் பகலிலேயே உடம்பு மிதக்கிறது. எனக்குள் ஒரு பஸ் போகிறது. அந்தப் புற்று ஓர் ஆள் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வோர் ஊராக வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்து, கடைசி ஸ்டாப்பில் இறங்குகிறான். எனக்குக் கோபமே வருவதில்லை. சில நாள் இறங்குவது நீங்களாக இருக்கிறீர்கள். எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். வாசலில் வெயில்தான் இருக்கிறது.

அங்கேயே தங்க உங்களுக்குப் பேப்பர் கிடைக்க இன்னும் எட்டு மாதம். இப்போது கிளம்பினால் திரும்ப அங்கே நுழைய முடியாது, ஐந்து வருடம் ஓட்டலில் பாத்திரம் கழுவியதெல்லாம் வீண். தெரியும். குடல் ஆபரேஷன் சமயத்திலும் வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இப்போதும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. எட்டு மாதம் தாங்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "ஒன் வூட்டுக்காரர வரச் சொல்லும்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை விரலை எடுக்கிறார்கள். இப்போதே பேனாவை மற்ற இரண்டு விரலில் இடுக்கித்தான் எழுதுகிறேன். இதற்குப் பிறகு என்னால் உங்களுக்குக் கடிதம் எழுத முடியாது. எழுத வேண்டிய தேவையே இல்லாதபடி பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
மேனகா