என்னைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுவது பற்றி

அனுப்புநர்:
இராசேந்திரம் அனுஜா (வயது 20),
தாழையடிக்குடா, மன்னார் தீவு.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் அவர்கள்,
கடற்றொழில் திணைக்களம், மன்னார்.

விடயம்: காலஞ்சென்ற தந்தையின் வள்ளத்தை என் பெயருக்கு மாற்ற ஏற்படும் தடைகளும், அவை தொடர்பான என் சந்தேகங்களும்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் தந்தை இராசேந்திரம் கடந்த வருடம் மாரடைப்பால் காலமானார். ஆண்பிள்ளை இல்லாதபடியால் சிறுவயதில் என்னையே கடலுக்குக் கூட்டிப்போனவர். நான் பெரியபிள்ளையானதும் அது நின்றது. அவர் இறந்தபின் அதே வள்ளத்தில் நானே நண்டு வலை விட்டு, தாயார் மக்டலினையும் என்னையும் பார்த்துக்கொள்கிறேன்.

2. வள்ளத்தை என் பெயருக்கு மாற்ற எங்கள் மீனவர் சங்கத்தின் சிபாரிசு வேண்டுமாம். சங்கத் தலைவர் யேசுராசா என் தாய்மாமா. நான் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கில் தண்ணீர் வார்த்தவரும் அவரே. அந்த உரிமையில் என்னைத் தன் மகன் ஜெகதீபனுக்குக் கட்டிவைக்க வேண்டுமென்று நிற்கிறார். சிபாரிசு கேட்டுப் போனபோது, "தண்ணி வார்த்த மாமன் நான் இருக்கிறன், உனக்கேன் பிள்ளை வள்ளம்? கலியாணம் முடியட்டும், அவன்ர பேருக்கு மாத்துவம்" என்றார். பெண் கால் வைத்த வள்ளத்தில் மீன் படாது என்றும் சொன்னார். எனக்கு நண்டு நன்றாகப் படுவது அவருக்குத் தெரியாததல்ல.

3. கடந்த திங்கட்கிழமை கீரிக் கடற்கரைக்கு நேரே கடலில் வலையை இழுத்தெடுத்துவிட்டுத் திரும்பும்போது, இரண்டாவது எண்ணெய்க் கானிலிருந்து இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் விட்டேன். சற்று நேரத்தில் இயந்திரம் நின்றது. கானைச் சரித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர். முதல்நாள் நானே நிரப்பி வீட்டுக்குள் வைத்த கான் அது. நான் யாருக்கும் கை காட்டுவதற்கு முன்பே ஜெகதீபன் தன் படகோடு வந்து நின்றார். எப்போதும் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் தொழில் செய்பவருக்கு அன்று அங்கே என்ன வேலை? கட்டி இழுக்கக் கயிறும் ஆயத்தமாக வைத்திருந்தார்.

4. கரையில் மாமா ஆட்களோடு நின்றார். "உயிரைக் காப்பாத்தினவனுக்கே பிள்ளையைக் குடுங்கோ" என்று அந்த ஆட்கள் தாயாரிடம் சொன்னார்கள். கானுக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு வந்த கோபத்தை மனுவொன்றில் எழுதுவது மரியாதையாக இராது.

5. அன்று நான் எந்தப் பக்கம் போகிறேன் என்பது தாயாருக்கு மட்டுமே தெரியும். கேட்டால் அழுகிறார். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுத வெட்கமாகவும் வேதனையாகவும் இருக்கிறது. ஆனாலும் இப்போது எண்ணெயை நான் பூட்டித்தான் வைக்கிறேன்.

ஆகவே, சங்கத்தின் சிபாரிசை எதிர்பாராமல் என்னை நேரில் விசாரித்து, வள்ளத்தை என் பெயருக்குப் பதிந்துதருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அலுவலர் ஒருவர் வந்து அந்தக் கானையும் பார்க்க வேண்டும். அவர் வரும் செய்தி சங்கத்துக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது. மாமா தங்கள் கந்தோருக்கும் அடிக்கடி வந்துபோகிறவர் என்பதால் இம்மனுவைத் தபாலில் போடாமல் தங்கள் கையிலேயே தருகிறேன்.

நாளையும் நான் கடலுக்குப் போவேன். ஒருநாள் திரும்பி வராவிட்டால், கடல் தெரியாத பெண்பிள்ளை, சொல்லச் சொல்லக் கேட்காமல் போனாள் என்று தங்களிடம் வந்து சொல்லுவார்கள். அதைத் தாங்கள் பதிந்துகொள்ள வேண்டாமென்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மன்னார்
திகதி: 18.09.2024

தங்கள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும்,
இ. அனுஜா
(ஒப்பம்)