மூன்றை முப்பது என்றேன்

மொரியோகா,
9 டிசம்பர் 1996, திங்கள்

அன்புத் தம்பி ஷிங்கோவுக்கு,

அக்கா ஃபுமியே எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்து ஓய்ந்துவிட்டது. அத்தானுக்கு இடுப்புவலி பரவாயில்லை. ஏணியில் ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை உன் மனைவி கனாயே போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டாள்.

பத்து நாளாக நீ அலுவலகம் போகவில்லையாமே. டை கட்டிக்கொண்டு, அவள் தரும் சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பி, ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறாயாம். அவள் பார்த்துவிட்டாள். கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று கேட்காமல், தினமும் சாப்பாடு கட்டித் தருகிறாள்.

வட மாவட்டங்களில் உங்கள் கம்பெனியின் வீடியோ கேம் பெட்டிதான் விற்பனையில் முந்துகிறது என்று நீ கூட்டத்தில் அடித்துப் பேசினாய். மொத்த வியாபாரிகள் தயங்கியபோதும் வாராந்திர விற்பனைப் பட்டியலைக் காட்டி வாதாடிப் பதினெட்டாயிரம் பெட்டிகளை அனுப்பவைத்தாய். அவை இன்று கிடங்கில் தூங்குகின்றன. கணக்குத் தெரியாதவன் என்று உன்னைச் சொல்கிறார்களாம். தம்பி, நீ போட்ட கணக்கு சரி. உனக்குக் கிடைத்த எண்தான் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

டோக்கியோவில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் அலுவலகத்திலிருந்து திங்கள்தோறும் நம் விளையாட்டுச் சாமான் கடைக்கு போன் வரும். எந்தப் பெட்டி எத்தனை விற்றது என்று ஒரு பெண் கேட்பாள். ஆகஸ்டில் முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது, எதிர்க் கம்பெனியின் சாம்பல் நிறப் பெட்டிக்கு நம் கடை வாசலில் வரிசை நின்றது. "உன் பெட்டிக்கு ஒரு மெத்தை போடு மச்சான், பாவம் நல்லாத் தூங்குது" என்று அத்தான் கிண்டல் செய்தார். நீயும் சிரித்தாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடுத்த திங்கள் போன் வந்தபோது சாம்பல் பெட்டி இருபத்தாறு, உங்களுடையது மூன்று. நான் முப்பது என்றேன். வாய் தவறி வந்ததில்லை, தெரிந்தேதான் சொன்னேன். அன்று முழுக்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் மூன்று என்று சொன்னால் குட்டு வெளிப்படுமே. முப்பத்திரண்டு என்றேன். அப்படியே பதினாறு வாரம். ஒரு சின்னக் கடையின் பேச்சு ஊரையே புரட்டிவிடுமா என்று நினைத்தேன். இன்று காலை அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நம் கடையின் பெயரை இன்னொரு முறை கேட்டாள். பிறகு, "உங்க வட மாவட்டங்களுக்கெல்லாம் சேத்து நாங்க கேக்கறது ரெண்டே கடையைத்தாங்க. நீங்க சொல்ற ஒவ்வொண்ணையும் நாங்க அறுபதால பெருக்குவோம்" என்றாள். போனை வைத்ததும் பழைய விற்பனைக் கணக்கு நோட்டை எடுத்தேன்.

நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சொந்த அக்காவின் கடையில் துப்புக் கேட்பது முறையல்ல என்று கேட்காமல் விட்டிருப்பாய். உன் நேர்மைதான் உன்னைக் கவிழ்த்தது.

பதினாறு வாரத்துப் பொய்யையும் உண்மையையும் அருகருகே எழுதி, கடை முத்திரை குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இனி யார் நமக்குச் சரக்குத் தருவார்களோ தெரியாது. அத்தானிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் முத்திரையை எடுத்துவந்து கொடுத்தார்.

இதை உன் மேலாளரிடம் காட்டச் சொன்னால் காட்டமாட்டாய். அக்கா பெயர் கெடும் என்று கிழித்துப் போட்டுவிட்டு, பழியை நீயே சுமப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் இன்னொரு பிரதியை அவருக்கே நேராக அனுப்பிவிட்டேன். காலையிலேயே தபாலில் போட்டாயிற்று. இனி நீ தடுக்க முடியாது.

என்னோடு பேச வேண்டாம். புத்தாண்டுக்கு இங்கே வரவும் வேண்டாம். கனாயேயிடம் மட்டும் இதைப் படித்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடு. மறுநாள் காலை எங்கும் கிளம்பாதே, வீட்டிலேயே இரு. என்மேல் ஆயுள் முழுக்கத் தீராத கோபத்தோடு இருந்தாலும் சரி, நூறு வயது இரு.

உன் அக்கா,
ஃபுமியே