ஜவ்வு கரையும் வரை

நிலவின் தென்முனை நிலையம்
மார்ச் 3, காலை
காற்று, நீர், மின்சாரம் சீர். நிலையத்தில் இருவர்: நிலவியலாளர் அகிலாண்டமாகிய நான், வண்டி ஓட்டும் பொறியாளர் இருதயராஜ். பாறை மாதிரிக் குழாயோடு திரும்பியபோது இடுப்பில் சுளீரென்றது. வலி இடது காலில் இறங்குகிறது.

மார்ச் 5
படம் எடுத்து அனுப்பினோம். கீழ் முதுகில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. பூமியிலிருந்து டாக்டர் ரஹ்மத்துன்னிசா:
"ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் இல்லையே? பாதம் மரத்துப் போகலையே? அப்ப ஆபரேஷன் வேண்டாம்மா. பிதுங்கின துண்டை வேத்துப் பொருள்னு நினைச்சு உடம்பே கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். நிறையப் பேருக்குச் சில மாசத்துல தானா சரியாயிடுது. படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச அளவு நடங்க."

மார்ச் 9, காலை
சுவரைப் பிடித்து நடக்கிறேன். குனிய முடியவில்லை. விண்வெளி உடைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். என் வேலையையும் சேர்த்துப் பார்க்க இருதயராஜ் தனியாக வெளியே போயிருக்கிறார்.

மதியம்
சரிவில் வண்டி கவிழ்ந்துவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். ரேடியோவில் இருதயராஜ்:
"அக்கா, வண்டி கால் மேல கெடக்கு. படுத்த வாக்குல தள்ள முடியல. உடுப்பு கிழியல. சாயங்காலம் வரைக்கும் காத்து இருக்கு."

பிறகு
உடைக்குள் நுழைய முயன்றேன். விழுந்தேன். இருந்த வலி மாத்திரைகளை விழுங்கிவிட்டு மறுபடி. இடுப்புவரை நுழைந்தேன். கண் இருட்டிவிட்டது. விழித்தபோது தரையில் கிடந்தேன்.
"அக்கா, நீங்க அழுவுறது கேக்கு. போதும், விட்ருங்க. சும்மா ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க."
பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பதில் நின்ற பிறகும் பேசினேன்.

ஏப்ரல் 14
பூமியிலிருந்து வர வேண்டிய மாற்றுக் கலம் தாமதம். வலி தொடையோடு நிற்கிறது. டாக்டர்: "துண்டு பாதியா சுருங்கியிருக்கும்மா. நல்ல செய்தி." உடம்பு தன் வேலையைச் செய்கிறது. என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

மே 20
குனிந்தேன். வலி இல்லை. உடை அணிந்து இருதயராஜிடம் போனேன். வண்டியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான். ஒரே மூச்சில் எழுந்துவிட்டது.
இவ்வளவுதான் கனம் இருந்தது.
அவரை நிலையத்துக்கு இழுத்து வந்தேன். டாக்டர் கேட்கிறார்: "இடுப்பு எப்படிம்மா இருக்கு?"
நன்றாக இருக்கிறது. நன்றாக…